எண்ணெய்ச்சட்டி வைக்காத வீடு

அரிசி ஊறிக்கொண்டிருந்தது. காலையில் அடுப்படிக்குள் நுழைந்த மருமகள் அதைத்தான் முதலில் பார்த்தாள். மேடையின் மூலையில் பெரிய அலுமினியக் குண்டான். இரண்டு பேர் சோற்றுக்கு இவ்வளவு அரிசி வேண்டாம்.

மாமியார் கூடத்தில் கால் நீட்டி உட்கார்ந்து, முறத்தில் உளுந்தைப் பரப்பிக் கல் பொறுக்கிக்கொண்டிருந்தாள்.

“அத்தை, அரிசி எதுக்கு?”

“எதுக்கா? பண்டிகை வருது. முறுக்குக்கு அரிசி ஊறப்போடாம மணலையா ஊறப்போடுவாங்க?”

மாமியார் நிமிர்ந்து பார்க்கவில்லை. கல் ஒன்று கிடைத்தது. அதை ஜன்னல் வழியே சுண்டி எறிந்தாள்.

அவர்கள் சொந்தபந்தத்தில் ஒரு வழக்கம் உண்டு. சாவு விழுந்த வீட்டில் அந்த வருஷம் பண்டிகைக்கு எண்ணெய்ச்சட்டி வைக்க மாட்டார்கள். முறுக்கும் சுட மாட்டார்கள், அதிரசமும் தட்ட மாட்டார்கள். அக்கம்பக்கமும் உறவும் சுட்டுக் கொண்டுவந்து கொடுக்கும். பண்டிகை நெருங்கும் நாட்களில் தெருவில் ஒரு நடை நடந்தால் போதும், யாரையும் எதுவும் விசாரிக்க வேண்டியதில்லை. எந்த வீட்டு ஜன்னலில் எண்ணெய் காயும் வாசனை இல்லையோ, அந்த வீட்டில் ஆள் குறைந்திருக்கிறது.

இந்த வீட்டில் ஆள் குறைந்திருக்கிறதா இல்லையா என்பதுதான் வழக்கு.

மழைக்காலத்தில், சிமெண்டு மூட்டை ஏற்றிப்போன லாரி ஒன்று ஆற்றுப் பாலத்திலிருந்து சரிந்தது. பாலத்தின் மேல் தண்ணீர் எவ்வளவு ஓடுகிறது என்று பார்க்கக் கிளீனர் முன்னால் இறங்கி நடந்திருந்தான். அதனால் பிழைத்தான். வெள்ளம் வடிந்த பிறகு லாரியைத் தூக்கினார்கள். மூட்டைகள் இறுகிக் கல்லாகியிருந்தன. டிரைவர் பக்கத்துக் கதவு திறந்திருந்தது. டிரைவர் இல்லை. ஆற்றின் கீழ்ப்பக்கம் வெகுதூரம் வரை தேடிவிட்டுக் கைவிட்டார்கள்.

அந்தத் திறந்த கதவை மாமியார் விடவே இல்லை.

“கதவு திறந்திருந்துச்சுல்ல? திறந்தது யாரு, ஆறா? ஆறு கைப்பிடியைத் திருகிக் கதவு திறக்குமா? எம்புள்ள திறந்தான். வெளிய வந்தான். எங்கயோ கரையேறி, தலையில அடிபட்டு, தான் யாருன்னு தெரியாம கிடக்கான்.”

யார் துக்கம் கேட்க வந்தாலும் இதே பதில்தான். கிளீனர் ஒருமுறை வந்தான். அவனை வாசலோடு திருப்பி அனுப்பினாள். கண்ணால் பார்த்தவன் பேச்சு அவளுக்கு வேண்டியிருக்கவில்லை. படம் வைக்கவில்லை, விளக்கேற்றவில்லை, எந்தச் சடங்கும் நடக்கவில்லை. மருமகள் ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் தன் வேலைக்குத் திரும்பினாள். காலையில் போனாள், சாயங்காலம் வந்தாள், சமைத்தாள்.

அவள் அழவில்லை. தெரு அதையும் கவனித்தது. ‘நெஞ்சழுத்தக்காரி’ என்றது பாதித் தெரு. ‘பாவம், நம்பிக்கையை விடாம இருக்கா’ என்றது மீதித் தெரு.

புருஷன் நடையில் நின்றுகொண்டிருக்கும்போது எப்படி அழுவது? அதை அவள் தெருவிடம் சொல்ல முடியாது.

கூடத்துக்கும் அடுப்படிக்கும் இடையில் ஒரு நடை இருந்தது. ஒடுக்கம். எதிரெதிரே இரண்டு பேர் வந்தால் ஒருவர் ஒருக்களித்துச் சுவரோடு ஒட்டினால்தான் மற்றவர் போகலாம். லாரியைத் தூக்கிய சில நாட்களுக்குப் பிறகு, கொதித்த பாலை இடுக்கியில் பிடித்துக்கொண்டு அந்த நடையில் வந்தாள். எதிரே ஆள் வந்ததால் சுவரோரம் ஒதுங்கி வழி விட்டாள். கூடத்துக்கு வந்து பாலைக் கீழே வைத்த பிறகுதான், மாமியார் வாசலில் உட்கார்ந்திருப்பதைப் பார்த்தாள். வீட்டில் வழி விடுவதற்கு வேறு யாரும் இல்லை.

பரிசோதனைக் கூடத்தில் ஒரு முடிவு வித்தியாசமாக வந்தால் அதை உடனே நம்ப மாட்டார்கள். திரும்பச் செய்வார்கள். அவளும் திரும்பச் செய்து பார்த்தாள். காற்றாக இருக்குமோ என்று ஜன்னலைச் சாத்தினாள். அவன் சட்டைகளைத் துவைத்து, மடித்து, பெட்டிக்குள் போட்டுப் பூட்டினாள். நடையைச் சோப்பு போட்டுக் கழுவினாள். டீசல் வாசனை அப்படியே இருந்தது. கண்ணுக்கு ஒன்றும் தெரியவில்லை. நம் முதுகுக்குப் பின்னால் ஒருவர் வந்து நின்றால் நமக்குத் தெரியுமே, அதுபோலத் தெரிந்தது. ஒரு தோளைச் சுவரில் சாய்த்து, ஒற்றைக் காலில் பாரத்தைப் போட்டு நின்றான். லோடு ஏற்றி முடியும்வரை காத்து நிற்பானே, அந்த நிலை.

அவளுக்குப் பயம் வரவில்லை. முதலில் ஆறுதலாகக்கூட இருந்தது. போகப் போகத்தான் பொறுக்கவில்லை. இரண்டு நாள் சேர்ந்தாற்போல் வீட்டில் இருந்தால் கால் அரிக்கும் அவனுக்கு. மூன்றாம் நாள் காரணமே இல்லாமல் செருப்பைப் போட்டுக்கொண்டு தெருமுனை வரை போய் வருவான். அப்படிப்பட்டவன் மழைக்காலத்திலிருந்து ஒரே இடத்தில் நிற்கிறான். லோடு ஏற்றிய வண்டியை, கிளம்பச் சீட்டுக் கொடுக்காமல் நிறுத்தி வைத்ததுபோல. போய்விட்டான் என்று வீட்டில் ஒருவர்கூடச் சொல்லவில்லை. சொல்லாமல் அவன் எப்படிப் போவான்?

சொல்லலாம்தான். ஆனால் சொன்ன நிமிஷத்தில், அந்தத் தாய்க்கு மகனைக் கொன்றது ஆறாக இருக்காது, மருமகளாக இருக்கும்.

இப்போது அரிசி ஊறுகிறது. சட்டி வைத்தால், அவன் உயிரோடு இருக்கிறான் என்று சாமிக்கும் தெருவுக்கும் அவனுக்கும் சேர்த்துச் சொன்னதாகிவிடும். இந்த வருஷம் வைத்தால் அடுத்த வருஷமும் வைக்க வேண்டும். அவன் நின்றுகொண்டே இருப்பான். அவளும் ஒருக்களித்து ஒருக்களித்தே கிழவியாவாள்.

“இந்த வருஷம் வேண்டாமே அத்தை. எனக்கு லீவு கிடைக்காது.”

“உன்னை யாரு லீவு போடச் சொன்னா? நான் சுடுறேன்.”

“பிழிய ஆள் வேணுமே.”

சொன்ன பிறகு நாக்கைக் கடித்துக்கொண்டாள். வருஷா வருஷம் முறுக்கு பிழிவது அவன்தான். மாமியாரின் விரல்கள் உளுந்தின் மேல் சற்று நின்றன.

“அதுக்குள்ள வந்துட்டான்னா அவன் பிழிவான். வரலன்னா நீ பிழி. உன் கையில என்ன, வளையல் நோவுதா?”

மருமகள் அடுப்படிக்குத் திரும்பினாள். நடையின் பாதியில், யோசனையாக, சுவரோரம் ஒதுங்கினாள்.

“ஏய், யாருக்குடி வழி விடுற?” கூடத்திலிருந்து குரல் வந்தது.

“எலி ஓடுச்சு அத்தை.”

“எலிக்கா? மந்திரிக்கு வழி விடற மாதிரி நிக்கிறியே. நல்ல மரியாதை தெரிஞ்ச எலிதான்.”

அன்று சாயங்காலம் வேலை முடிந்து வரும்போது எதிர்வீட்டுத் தையல்காரம்மா ஜன்னலுக்குள்ளிருந்து கையைக் காட்டிக் கூப்பிட்டாள். பண்டிகை நேரத்துத் துணிக்குவியலுக்கு நடுவில் அவள் தலை மட்டும்தான் வெளியே தெரிந்தது. வாயில் இரண்டு ஊசிகள். அவற்றை எடுத்துச் சட்டைக் கழுத்தில் குத்திக்கொண்டாள்.

“உள்ள வா. ஒண்ணு கேக்கணும். தப்பா எடுத்துக்காத.”

“சொல்லுங்கக்கா.”

“எப்படிக் கேக்கறதுன்னே தெரியல. பலகாரம் கொண்டு வரணும் உங்க வீட்டுக்கு. நாங்க பண்டிகைக்கு எங்க அக்கா வீட்டுக்குப் போறோம், அதனால முந்தின நாளே கொண்டு வந்துடுவேன்.” குரலைத் தாழ்த்தினாள். “தட்டுல கொண்டு வரவா, வாளியில கொண்டு வரவா?”

இதில் கேட்கக் கூச்சப்பட என்ன இருக்கிறது என்றால், இருக்கிறது. சட்டி வைத்த வீட்டுக்குத் தட்டில்தான் கொடுப்பார்கள். நாலு முறுக்கு, இரண்டு அதிரசம், மேலே ஒரு துணி. அந்த வீட்டார் தங்கள் பலகாரத்தை அதே தட்டில் வைத்துத் திருப்பித் தருவார்கள். சட்டி வைக்காத வீட்டுக்கு வாளி. அது நிறைந்து போகும், காலியாகத் திரும்பும்.

“உங்க அத்தை ஒண்ணு சொல்றாங்க, தெரு ஒண்ணு சொல்லுது. எனக்கு உங்க வீட்டுச் சண்டை வேண்டாம் தாயே. நீ சொல்றதைக் கேக்கறேன்.”

மருமகள் தையல் மிஷினின் சக்கரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றாள். தன் வாயால் சொல்ல முடியாததை ஒரு பாத்திரம் சொல்லும். அதைத் தூக்கிக்கொண்டு வரப்போவதும் வேறு ஒருத்தி. கோழைத்தனம்தான் என்று அவளுக்கே தெரிந்தது.

“வாளியே கொண்டு வாங்கக்கா.”

தையல்காரம்மா மிஷினிலிருந்து காலை எடுத்தாள்.

“நெசமாவா சொல்ற?”

“ம்.”

“உங்க அத்தை என்னைய அந்த எண்ணெயிலயே போட்டுப் பொரிச்சு எடுத்துருவாங்களே.”

“நான் சொன்னேன்னு மட்டும் சொல்லிடாதீங்க.”

“நல்லா இருக்கு. பொரியறது நானு, தப்பிக்கறது நீயா?” என்றாள். ஆனால் அவள் கண் கலங்கியிருந்தது. மருமகளின் கையைப் பிடித்து ஒரு அழுத்து அழுத்திவிட்டு, ஊசியை மறுபடி வாயில் வைத்துக்கொண்டாள்.

பண்டிகைக்கு முந்தின நாள் காலையிலேயே மாமியார் தலைக்குக் குளித்து, ஈரத்தலையில் முடிச்சுப் போட்டுக்கொண்டு அடுப்படிக்குள் வந்தாள். மருமகளுக்குக் கேட்காமலேயே லீவு கிடைத்திருந்தது. அரைத்துச் சலித்த அரிசி மாவு, வறுத்து அரைத்த உளுந்து மாவு, வெண்ணெய், சீரகம், எள். உப்பைக் கரைத்து ஊற்றினாள் மாமியார். சாமிக்குப் படைக்கும்வரை எதையும் வாயில் வைத்துப் பார்க்கக் கூடாது. அதனால் மாவின் மேல் குனிந்து மூச்சை இழுத்து, “உப்பு சரியா இருக்கு” என்றாள். மூக்கால் உப்புப் பார்ப்பது எப்படி என்று மருமகளுக்கு இத்தனை வருஷத்தில் பிடிபடவில்லை.

எண்ணெய் காய்ந்தது. அந்த வாசனை ஜன்னல் வழியாகத் தெருவுக்குப் போனது. எதிர்ப்பக்கம் யாரோ பேச்சை நிறுத்தியதுபோல் இருந்தது. மாமியார் மாவில் ஒரு கிள்ளு எடுத்துப் பிடித்து அடுப்பு மேடையின் மேல் வைத்தாள். கையைக் கூப்பினாள்.

“எம்புள்ளைய எங்க இருந்தாலும் கொண்டு வந்து சேர்த்துடு.”

மருமகள் நடைப்பக்கம் பார்க்காமல் இருக்க முயன்றாள்.

மாவு கெட்டியாக இருந்தது. முறுக்கு அச்சில் போட்டு அழுத்தினால் கைப்பிடி அசையவில்லை. உள்ளங்கை சிவந்தது. கொஞ்சம் இறங்கியது, அறுந்து அறுந்து துண்டுகளாக எண்ணெயில் விழுந்தது.

“தண்ணி தெளிச்சுக்கலாமா அத்தை?”

“தெளிச்சா எண்ணெயைக் குடிச்சுட்டு உக்காந்திருக்கும். கொண்டா இப்படி.”

மாமியார் வாங்கினாள். பல்லைக் கடித்துக்கொண்டு அழுத்தினாள். மூச்சு வாங்கியது. அச்சு அவளுக்கும் அசையவில்லை. அந்த வீட்டில் ஒரு ஜோடிக் கை இல்லை என்பதை அந்த மரத்துண்டு இரண்டு பேருக்கும் சொல்லிக்கொண்டிருந்தது. மாமியார் அதைக் கேட்டதாகக் காட்டிக்கொள்ளவில்லை.

“பெரியம்மா, இருக்கீங்களா?”

தையல்காரம்மா கூடத்தைக் கடந்து நடைக்குள் வந்துவிட்டாள். கையில் வாளி. மூடியைத் தூக்கிக்கொண்டு அதிரசம் எட்டிப் பார்க்கும் அளவுக்கு நிறைந்த வாளி. நடையின் நடுவில் நின்றவள் தோளைக் குறுக்கிக்கொண்டாள்.

“என்ன இது, அடுப்படி பக்கத்துல இவ்வளவு சிலுசிலுன்னு இருக்கு?”

“அக்கா, அங்க நிக்காதீங்க, இந்தப் பக்கம் வந்துடுங்க,” என்றாள் மருமகள் அவசரமாக.

மாமியார் திரும்பினாள். வாளியைப் பார்த்தாள். வெகுநேரம் பார்த்தாள்.

“உங்க வீட்ல யாரு செத்தது?”

“பெரியம்மா…”

“வாளி தூக்கிட்டு வந்திருக்கியே, அதான் கேக்கறேன்.”

தையல்காரம்மாவின் கண் ஒருமுறை மருமகள் பக்கம் போய்த் திரும்பியது. “தட்டெல்லாம் அக்கா வீட்டுக்கு மூட்டை கட்டியாச்சு பெரியம்மா. இதுதான் கையில கிடைச்சுது.”

“தட்டு தீர்ந்து போற அளவுக்கு அக்கா வீட்ல என்ன கல்யாணமா?” மாமியார் அச்சை மருமகள் கையில் திணித்தாள். “சரி. அப்படியே இருக்கட்டும். இந்த வீட்ல இருந்து எந்தப் பாத்திரமும் காலியா போனதில்ல. நில்லு அங்கயே. இந்த வாளி நிறைய முறுக்கு போட்டுத் தரேன், வாங்கிட்டுப் போ. கட்டை மாதிரி இருக்கற உன் அதிரசத்துக்குப் பதிலா நாலு மரச்சட்டம் கொடுத்தாலும் சமம்தான், இருந்தாலும் முறுக்கே தரேன். பிழிடி.”

தையல்காரம்மா வாளியைக் கீழே வைத்துவிட்டு, போகவும் முடியாமல் உட்காரவும் முடியாமல் அடுப்படி வாசலில் நின்றாள்.

மருமகள் அச்சில் மாவை நிரப்பினாள். எண்ணெய் தடவிய கரண்டியின் மேல் பிடித்தாள். இது முடியாது என்று அவளுக்குத் தெரியும். முடியவில்லை என்றால் வாளி காலியாகப் போகும். முடிந்தால் அவன் இங்கேயே நிற்பான். எதற்காக அழுத்துகிறோம் என்று தெரியாமலே கண்ணை மூடிக்கொண்டு அழுத்தினாள்.

அச்சு இறங்கியது.

எந்தத் தடையும் இல்லை. வெண்ணெயில் கத்தி இறங்குவதுபோல் இறங்கியது. டீசல் வாசனை அவ்வளவு பக்கத்தில் வந்ததில்லை. மணிக்கட்டுக்கு மேலே ஒரு வெதுவெதுப்பு இருந்தது. அடுப்பின் சூடு இல்லை அது. அடுப்பு அவளுக்கு மறுபக்கம். அவள் கை சுற்றியது. ஒரு முறுக்கு. மாமியார் அதை வாங்கி எண்ணெயில் நழுவவிட்டாள். இன்னொன்று. இன்னொன்று. எண்ணெய் சலசலத்தது. சலசலப்பு அடங்கியதும் மாமியார் கம்பியால் கோத்துத் தூக்கித் தாம்பாளத்தில் போட்டாள்.

“பாத்தியா? வராது வராதுன்னா எப்படி வரும்? பிழிய பிழியத்தான் வரும்,” என்றாள் தையல்காரம்மாவிடம், வெற்றியோடு.

தையல்காரம்மா தாம்பாளத்தைப் பார்த்தாள். பேச்சு மாற்றுவதற்கு ஏதாவது கிடைத்தால் போதும் என்றிருந்தது அவளுக்கு. யோசிக்காமல் சொல்லிவிட்டாள்.

“அட, தம்பி பிழிஞ்ச மாதிரியே இருக்கு.”

அவன் இடதுகைக்காரன். எல்லோர் வீட்டு முறுக்கும் வலப்பக்கமாகச் சுற்றும், அவன் பிழிந்தது மட்டும் இடப்பக்கமாகச் சுற்றும். சாமிக்கு வைப்பது வலமாகத்தான் சுற்ற வேண்டும் என்று மாமியார் தலைபாடாக அடித்துக்கொள்வாள். ‘சாமி என்ன முறுக்கைச் சுத்தியா வரப்போகுது?’ என்பான் அவன். தெருவில் அத்தனை வீட்டுக்கும் தெரியும், இடப்பக்கம் சுற்றிய முறுக்கு எந்த வீட்டுப் பலகாரம் என்று.

மாமியார் ஒரு முறுக்கை எடுத்தாள். சூடு விரலைச் சுட்டிருக்க வேண்டும், அவள் விடவில்லை. அதன் நடுவில் விரலை வைத்து, வெளி விளிம்பு வரை மெதுவாகச் சுற்றி வந்தாள். அடுத்ததை எடுத்தாள். அதுவும் அப்படியே. அடுத்தது.

“நீ வலதுகைக்காரி,” என்றாள்.

மருமகள் தலை குனிந்தாள்.

“யாரு பிழிஞ்சது?”

மருமகள் அச்சைக் கீழே வைத்தாள்.

“உன்னைத்தான் கேக்கறேன். யாரு பிழிஞ்சது?”

“நடையில நிக்கிறார் அத்தை,” என்றாள் மருமகள். குரல் அவளுக்கே கேட்கவில்லை. “மழைக்காலத்துல இருந்து அங்கதான் நிக்கிறார். எலி இல்ல அத்தை. அவருக்குத்தான் வழி விடுறேன். வாளி கொண்டு வரச் சொன்னதும் நான்தான். அக்கா மேல தப்பில்ல.”

தையல்காரம்மா, தான் சற்றுமுன் நடையில் நின்ற இடத்தைத் திரும்பிப் பார்த்துவிட்டு, புடவைத் தலைப்பால் வாயை மூடிக்கொண்டாள்.

திட்டு விழும் என்று மருமகள் காத்திருந்தாள். அடிகூட விழலாம். மாமியார் அவளை ஏறிட்டுப் பார்த்தாள். கேட்டது வேறு.

“நனைஞ்சிருக்கானா?”

“இல்ல அத்தை. காஞ்சுதான் இருக்கார்.”

“தலையில அடி?”

“தெரியல. அப்படித் தோணல. லோடு ஏத்தறப்ப நிப்பாரே சாஞ்சுக்கிட்டு, அப்படித்தான் நிக்கிறார்.”

“இத்தனை மாசமாவா?”

“ஆமா.”

மாமியார் கையிலிருந்த முறுக்கைத் தாம்பாளத்தில் வைத்தாள். அவள் உதடு கோணியது.

“எங்கிட்ட வரல. பெத்தவ நானு. இதே நடையில நாளைக்கு எத்தனை தடவை போறேன் வரேன். எங்கிட்ட வரல பாரு.”

“நீங்க அவர் எங்கயோ உயிரோட இருக்கார்னு சொல்லிக்கிட்டே இருக்கீங்களே அத்தை. அங்க இருக்கறவரு உங்களுக்கு இங்க எப்படித் தெரிவாரு?”

இதைச் சொல்லத்தான் அவள் அத்தனை நாள் பயந்தாள். சொல்லியாகிவிட்டது. மாமியார் அடுப்பைப் பார்த்தாள், மேடையில் இருந்த மாவுக் கிள்ளலைப் பார்த்தாள். பிறகு கையை நீட்டி அடுப்பை அணைத்தாள்.

அடுப்பு அணைந்தவுடன் எண்ணெய் ஆறிவிடுவதில்லை. சட்டிக்குள் கிடந்த முறுக்குகள் சலசலத்துக்கொண்டே இருந்தன. பொன்னிறம் ஏறி, சிவந்து, கறுத்தன. யாரும் எடுக்கவில்லை.

மாமியார் வாளியைத் தூக்கினாள். அதிரசத்தையும் லட்டையும் ஒரு பாத்திரத்தில் பதமாகக் கவிழ்த்தாள். வாளிக்குள் ஒட்டியிருந்த எண்ணெயைத் தலைப்பால் துடைத்தாள். மூடியைப் போட்டாள். அதைத் தையல்காரம்மாவிடம் நீட்டினாள்.

“இந்தாம்மா.”

காலி வாளி. தையல்காரம்மா இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டாள். சாவு வீட்டிலிருந்து கிளம்பும்போது போயிட்டு வரேன் என்று சொல்லக் கூடாது. அவள் சொல்லவில்லை. தலையை மட்டும் அசைத்துவிட்டு, நடையில் சுவரோரமாக, ஒருக்களித்தபடி நடந்து போனாள்.

“எங்க நிக்கிறான்? காட்டு.”

மருமகள் நடைக்குள் வந்து கையைக் காட்டினாள். “இந்தச் சுவர்ல சாஞ்சு.”

மாமியார் அந்தச் சுவருக்கு எதிரே போய் நின்றாள். முகத்தை உயர்த்தினாள். அவன் அவளைவிட நல்ல உயரம்.

“ஏன்டா,” என்றாள். “வந்தவன் ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா? பொண்டாட்டிகிட்ட மட்டும்தான் நிப்பியா? உனக்காக நான் கும்பிடாத சாமி இல்ல. நீ என்னடான்னா அடுப்படிக்குப் பக்கத்துல நிக்கிற.” மூக்கை உறிஞ்சினாள். “கால் வலிக்கலையாடா? உனக்குத்தான் ஒரு இடத்துல நிக்கவே வராதே. சின்னப் பிள்ளையிலயே சோத்துத் தட்டை வச்சுட்டு வாசலுக்கு ஓடுவ.”

சுவரில் சுண்ணாம்பு பெயர்ந்திருந்த இடத்தை விரலால் தடவினாள். கன்னத்தைத் தடவுவதுபோல்தான் இருந்தது.

“சரி. இனிமே இங்க நிக்க வேண்டாம். நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன். நல்லபடியா போயிட்டு வா.”

“ஐயோ,” என்றாள் மாமியார். இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டாள். “ஐயோ, வான்னுட்டேனே. அதைச் சொல்லலடா நான். வாய் தவறிடுச்சு.”

ஒவ்வொரு லோடுக்கும் வாசலில் நின்று அவள் சொன்ன வார்த்தை அது. வண்டி முனை திரும்பும்வரை சொல்வாள். பிள்ளையைப் பார்த்து ‘போ’ என்று மட்டும் சொல்லி நிறுத்த அந்த நாக்குக்குத் தெரியவில்லை. மறுபடி முயன்றாள். “போ” என்று வந்தது. பின்னாலேயே “யிட்டு” என்றது வாய். உதட்டைக் கடித்து நிறுத்தினாள்.

“என்னால ஆகாது,” என்றாள். “எனக்கு வராது. நீ சொல்லு.”

“அத்தை, நானா?”

“உன்கிட்டதானே வந்தான். நீயே சொல்லு.”

மருமகள் சுவரைப் பார்த்து நின்றாள். இத்தனை மாதமும் இதைத்தான் வேண்டினாள். அவன் போக வேண்டும், கால் நீட்டி நடக்க வேண்டும், தான் நேராக நடந்து அடுப்படிக்குப் போக வேண்டும். இப்போது வாயைத் திறந்தால் நடந்துவிடும். டீசல் வாசனையை ஒருமுறை நன்றாக இழுத்துக்கொண்டாள். நெஞ்சு நிறைய இழுத்துக்கொண்டாள்.

“போங்க,” என்றாள்.

சுவரில் சாய்ந்திருந்த தோள் நிமிர்ந்தது. அவ்வளவுதான் அவளுக்குத் தெரிந்தது. அதற்குப் பிறகு நடையில், அடுப்படியிலிருந்து வந்த கருகல் வாசனை மட்டும் இருந்தது.

“போயிட்டானா?” என்று கேட்டாள் மாமியார்.

பதில் சொல்லத்தான் மருமகள் வாயைத் திறந்தாள். வந்தது பதில் இல்லை. அடிவயிற்றிலிருந்து ஒரு சத்தம் வந்தது. அது தன் குரல் என்று அவளுக்குப் புரியவே சற்று நேரம் ஆயிற்று. அந்தச் சத்தத்தில் மாமியாருக்குப் பதில் கிடைத்துவிட்டது. சுவரோடு சரிந்து உட்கார்ந்த மருமகளைக் கட்டிக்கொண்டு அவளும் சரிந்தாள். மாவுக் கையோடு ஒருத்தி முதுகில் ஒருத்தி அடித்துக்கொண்டு, தெருவே கேட்கும்படி அழுதார்கள்.

தெரு கேட்டது. ஒவ்வொரு வீட்டிலும் எண்ணெய் காய்ந்துகொண்டிருந்த நேரம். ஒவ்வொரு வீடாக அடுப்பை அணைத்தார்கள். சட்டியில் போட்டதைப் போட்டபடி விட்டுவிட்டு, கையைத் தலைப்பில் துடைத்துக்கொண்டு, பெண்கள் படியிறங்கி வந்தார்கள். முதலில் உள்ளே வந்தது தையல்காரம்மா. அவள் இன்னும் வாசற்படியை விட்டு இறங்கியே இருக்கவில்லை.